கடைசி வரிசைக்கும் கணக்குத் தெரிய வேண்டும்

(மதுரை, கோரிப்பாளையத்தில் ஊராட்சிப் பணியாளர்களுக்கும் உழவர்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்தும், மேலூர், நத்தம் சாலைகளிலிருந்தும் காலைப் பேருந்து பிடித்து இங்கே வந்து சேர்ந்திருக்கின்றீர்கள். நம் கிராமத்து மக்கள் கோரிப்பாளையத்தில் வந்து இறங்குவது பெரும்பாலும் இராசாசி மருத்துவமனைக்குச் செல்வதற்காகவே இருக்கும். அத்தகைய கவலை ஏதுமின்றி, ஒரு சிறு கருவியைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக இன்று வந்திருக்கின்றீர்கள். ஊராட்சி உறுப்பினராக முன்பு பணியாற்றியவர்களும், இனிப் பணியாற்றப் போகின்றவர்களும் இவ்வவையில் இருக்கின்றீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகின்றோம். பழைய புரொஜெக்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிய கருவியைக் கண்டு மலைக்க வேண்டியதும் இல்லை. இரண்டையும் முறையாக இணைத்தால், ஊர்க் கணக்கைக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கும் காட்டலாம்.

ஓர் ஊரில் நிகழ்ந்தது

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். ஊரின் பெயர் வேண்டா. அவ்வூர்க் கிராம சபைக்கு உதவி செய்யும் பொருட்டு நாங்கள் சென்றிருந்தோம். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு புரொஜெக்டர் பல ஆண்டுகளாகத் துணி போர்த்திக் கிடந்தது. ஊர் இளைஞர் ஒருவர் தம் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து, கடைத்தெருவில் ‘டிவி ஸ்டிக்’ என்று சொல்லுகின்ற கருவியைக் கழற்றி எடுத்து வந்தார். கண்மாய் மடையைப் பழுது பார்த்த வேலையின் படங்களையும், அவ்வேலைக்கான செலவுக் கணக்கையும் திரையில் காட்டுவதென்பது ஏற்பாடு.

கூட்டம் கூடிய பின்னர்தான் சோதனை தொடங்கிற்று. முந்திய நாள் வாங்கி வைத்திருந்த மாற்றி எதிர்த்திசைக்கு உரியது என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துப் பள்ளியிலிருந்து வேறொன்று வந்தது. படம் தெரிந்தது; ஒலி வரவில்லை. ஒலிக்கு வழி தேடுகையில் கருவி தானே அணைந்து மறுபடியும் எரியத் தொடங்கிற்று. அது சரியானவுடன், படத்தை ஓட விட்டால் திரை கறுத்துப் போயிற்று. இவ்வாறாக ஒரு மணி நேரத்திற்கு மேல் சென்றது. தாய்மார்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்று எழுந்து போனார்கள். முடிவில், கணக்கை ஐந்து நிமிடத்தில் வாசித்துத் தீர்மானத்தை நிறைவேற்றிக் கூட்டத்தை முடித்தோம்.

கலைந்து செல்லும்போது முதிய உழவர் ஒருவர் எங்களிடம் வந்தார். “படம் தெரியாதது போகட்டும், தம்பி. எங்கள் கண்மாய்க் கணக்கு ஏன் தெரியவில்லை?” என்று கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அன்று பழுதானது கருவியன்று. எங்கள் முன்னேற்பாடுதான் பழுது. அக்கேள்வியே இன்றைய சொற்பொழிவுக்குக் காரணம்.

கருவியோடு ஆளும் வந்த காலம்

கிராமத்து மக்களுக்குத் திரையில் படம் காட்டுவது நம் நாட்டில் புதிய செய்தியன்று. கோயமுத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்கள் இரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905ஆம் ஆண்டில் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். சுதந்திரத்திற்குப் பின்னர் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றிய செய்திப் படங்கள் விளம்பர வண்டிகளில் சிற்றூர்களுக்குச் சென்றன. அந்த நாட்களில் சாவடித் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் பார்த்த படங்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவ்வண்டிகளில் ஒரு வசதி இருந்தது. புரொஜெக்டர், படச்சுருள், ஒலிபெருக்கி, மின்சார எந்திரம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு ஏற்றப்பட்டிருந்தன; அவற்றை இயக்கத் தெரிந்த ஆளும் உடன் வந்தார். இன்றோ அந்த ஆள் நாமேதான். புரொஜெக்டர் ஒரு காலத்தது. டிவி ஸ்டிக் வேறொரு காலத்தது. ஒலிபெருக்கி மைக் செட்டுக்காரருடையது. வெவ்வேறு காலத்துப் பொருள்களை ஒரே கயிற்றில் கோப்பது எவ்வாறு என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இரண்டு வகைத் துளைகள்

பழைய புரொஜெக்டரின் பின்புறத்தைப் பாருங்கள். பதினைந்து சிறு துளைகளோடு, இரு பக்கமும் திருகு போட்டு இறுக்கும்படியான நீல நிற இணைப்பு ஒன்று இருக்கும். இதற்கு வி.ஜி.ஏ. என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனம் 1987ஆம் ஆண்டில் கணிப்பொறிகளுக்காகக் கொண்டு வந்த முறை இது. டிவி ஸ்டிக்கின் முனையிலோ தட்டையான எச்.டி.எம்.ஐ. இணைப்பு இருக்கின்றது. இது 2002ஆம் ஆண்டின் இறுதியில் வகுக்கப்பட்டது.

இவ்விரண்டும் வடிவில் மட்டும் வேறுபட்டவை அல்ல. வி.ஜி.ஏ. கம்பியில் படம் மின் அலையாகச் செல்லுகின்றது, எச்.டி.எம்.ஐ. கம்பியில் எண்களாகச் செல்லுகின்றது. மதுரை–போடி இரயில் பாதை அகலப்படுத்தப்படுவதற்கு முன்னர் மீட்டர் கேஜ் பாதையாக இருந்ததை அறிவீர்கள். மீட்டர் கேஜ் வண்டியை அகலப் பாதையில் ஓட்ட இயலாது. சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். இங்கே அவ்வேலையைச் செய்வதுதான் ‘மாற்றி’ அல்லது ‘கன்வெர்ட்டர்’ என்னும் சிறு பெட்டி. இதன் விலை சில நூறு ரூபாய்தான்.

கடைக்குச் செல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். “எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது வேண்டும், ஒலிக்குத் தனித் துளை உள்ளதாக வேண்டும்” என்று கேட்க வேண்டும். வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவதும் ஏறத்தாழ அதே தோற்றத்தில்தான் இருக்கும். ஆனால் இவை ஒரு வழிப் பாதைகள். திருப்பிப் போட்டால் வேலை செய்யா. நாங்கள் அன்று ஏமாந்தது இதில்தான்.

சில புரொஜெக்டர்களில் வி.ஜி.ஏ. துளை பழுதாகி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்னும் மூன்று வட்டத் துளைகள் மட்டுமே பயன்படும் நிலையில் இருக்கும். அதற்கும் மாற்றி உண்டு. ஆனால் மஞ்சள் கம்பியின் வழியே வரும் படம் பழைய தொலைக்காட்சியின் தரத்தைத் தாண்டாது. பயிர்ப் படம் பார்க்க அது போதும். கணக்கு எழுத்துக்களைப் படிக்கப் போதாது. உங்கள் புரொஜெக்டரில் எச்.டி.எம்.ஐ. துளையே இருக்குமாயின் மாற்றி வேண்டியதில்லை. சிறு நீட்டிப்புக் கம்பி ஒன்றை இடையில் இட்டு ஸ்டிக்கைப் பொருத்தினால், புரொஜெக்டர் வெளியேற்றும் சூட்டிலிருந்து அது தப்பும்.

முதல் நாளே செய்ய வேண்டுவன

முதலாவது, ஸ்டிக்கைக் கூட்டத்திற்கு முந்திய நாள் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆயத்தம் செய்க. கணக்கு எண், கடவுச்சொல் எல்லாவற்றையும் அங்கேயே பதிந்துவிடுக. கருவி தன் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமென்று கேட்டால் அன்றே அதற்கு இடங்கொடுக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே அது புதுப்பிக்கத் தொடங்கினால் அது முடியும் வரையில் காத்திருப்பதன்றி வேறு வழி இல்லை. படத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்குமானால், 720 என்னும் அளவில் நிறுத்தி வையுங்கள். மிகுந்த நுண்மையான படத்தைப் பழைய புரொஜெக்டர் ஏற்றுக்கொள்ள மறுப்பதுண்டு. அப்போது திரையில் ஒன்றுமே தோன்றாமையால் அளவைக் குறைக்கவும் வழியின்றிப் போகும்.

இரண்டாவது, மின்சாரம். ஸ்டிக்குக்கு ஐந்து வோல்ட் மின்சாரம் வேண்டும். புரொஜெக்டரின் பின்புறத்து யு.எஸ்.பி. துளையிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அத்துளை பல கருவிகளில் வேண்டிய அளவு மின்சாரம் தருவதில்லை. ஸ்டிக் எரிவதும் அணைவதுமாக இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதனோடு வந்த தனி அடாப்டரையே சுவரில் செருகுங்கள். மாற்றிக்கும் தனி மின்சாரம் கேட்கும் கம்பி இருந்தால் அதையும் செருக வேண்டும். ஆகவே, புரொஜெக்டர், ஸ்டிக், மாற்றி, ஒலிபெருக்கி என நான்கு செருகிகளுக்கு இடமுள்ள பலகை ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் இன்றிப் புரொஜெக்டரை இயக்குதல் ஆகாது.

மூன்றாவது, ஒலி. வி.ஜி.ஏ. கம்பி ஒலியைச் சுமந்து செல்லாது. இது பலருக்கும் தெரிவதில்லை. மாற்றியின் பக்கத்திலுள்ள சிறு வட்டத் துளையிலிருந்து மைக் செட்டின் பெருக்கிக்கு ஒரு கம்பி ஓட வேண்டும். காதுக் கருவி செருகும் அளவுடைய துளைதான் அது. மைக் செட்டுக்காரரிடம் முதல் நாளே சொன்னால் அதற்கேற்ற கம்பியோடு வருவார்.

நான்காவது, எல்லாவற்றையும் இணைத்த பின்னர்ப் புரொஜெக்டரில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்னும் பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் கம்பி செருகியிருக்கின்றதோ அதைத் தேர்ந்தெடுங்கள். “சிக்னல் இல்லை” என்று திரை சொல்லும்போது பாதி வேளைகளில் இப்பொத்தானை அழுத்தாமையே குற்றமாக இருக்கும்.

ஐந்தாவது, கூட்டம் முடிந்தவுடன் சுவர் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். பழைய புரொஜெக்டர்களின் விளக்கு மிகுந்த சூடுடையது. முதலில் கருவியின் பொத்தானால் அணைத்து, விசிறி ஓய்ந்த பின்னரே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அவ்விளக்கினுள் பாதரசம் இருக்கின்றது. அது வெடித்துவிட்டால் சன்னல்களைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்க வேண்டும்.

திரை கறுப்பது ஏன்?

முகப்புப் பக்கம் நன்றாகத் தெரியும். படத்தை ஓட விட்டவுடன் திரை கறுக்கும். அன்று எங்களைத் தலைகுனிய வைத்தது இதுவே. இதன் காரணம் பழுதன்று, ஒரு பூட்டு.

படங்களை யாரும் திருட்டுத்தனமாகப் பதிந்துகொள்ளாதிருக்கும் பொருட்டு, எச்.டி.எம்.ஐ. வழியில் எச்.டி.சி.பி. என்னும் பூட்டு ஒன்றை வைத்திருக்கின்றார்கள். இன்டெல் நிறுவனம் வகுத்த முறை இது. படம் அனுப்பும் கருவி, பெறும் கருவியைப் பார்த்து, “உன்னிடம் சாவி உண்டா?” என்று கேட்கும். புதிய தொலைக்காட்சி “உண்டு” என்று விடையளிக்கும். வி.ஜி.ஏ. மட்டுமே உள்ள புரொஜெக்டரிடம் சாவி கிடையாது. உடனே படம் நிறுத்தப்படும்.

இப்பூட்டை உடைக்கும் பெட்டிகள் சந்தையில் கிடைப்பதாகச் சிலர் சொல்லுவர். அவ்வழியை நாடாதீர்கள். 2012ஆம் ஆண்டில் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் இத்தகைய பூட்டு உடைப்பைத் தண்டனைக்குரியதாக ஆக்கியிருக்கின்றது. பொதுப் பணம் கொண்டு பொது இடத்தில் நாம் அதைச் செய்தல் தகாது. மேலும், வீட்டில் பார்ப்பதற்கென்று சந்தா கட்டிய திரைப்படத்தை ஊர் மந்தையில் காட்டுவதும் முறையன்று.

ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் காட்ட விரும்புவது என்ன? நம் கண்மாயின் படம், நம் ஊராட்சியின் கணக்கு, வேளாண்மைத் துறையினர் தரும் பயிர்ச் செய்தி ஆகியவைதானே? இவற்றிற்குப் பூட்டு ஏது? நம் கைப்பேசியில் நாமே எடுத்த படங்களைப் பென் டிரைவில் ஏற்றி, ஊராட்சி அலுவலகத்துக் கணிப்பொறியின் வழியே காட்டலாம். வி.ஜி.ஏ. துளை உள்ள மடிக்கணினி கிடைத்தால் மாற்றியும் வேண்டா, ஸ்டிக்கும் வேண்டா. எங்களிடம் அன்று இவ்வறிவு இருந்திருந்தால் அந்த முதியவர் அக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

இணையத்தை எவ்வளவு நம்பலாம்?

தமிழ்நாட்டின் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இணையம் அளிப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். இணைப்பு வந்த ஊர்களில் ஸ்டிக் நன்றாக உழைக்கும். வராத இடங்களில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்ப வேண்டியிருக்கும். அப்போது இரண்டு கைப்பேசிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இணையம் அளிக்கட்டும், மற்றொன்றிலிருந்து படத்தை அனுப்புங்கள். ஒரே கைப்பேசி இரண்டு வேலையையும் செய்ய எல்லாக் கருவிகளும் இடங்கொடுப்பதில்லை. ஒரு மணி நேரப் படம், அதன் தரத்திற்கேற்ப ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று ஜி.பி. வரை இணைய அளவை விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு செய்தியைச் சொல்லுகின்றோம். கூகுள் நிறுவனத்தின் குரோம்காஸ்ட் என்னும் கருவி 2013ஆம் ஆண்டில் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டில் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் திடீரென்று படம் ஏற்க மறுத்தன. அவற்றினுள் இருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்துவிட்டதே காரணம். சில நாட்களில் நிறுவனம் அதைச் சரிசெய்தது. கருவியில் ஒரு திருகுகூடக் கழலவில்லை, கம்பி அறவில்லை, ஆயினும் அது வேலை செய்யவில்லை! எங்கோ தொலைவிலிருந்து நிறுத்தப்படக்கூடிய ஒன்றை நம்பி நம் ஊர்க் கூட்டத்தை வைக்கலாகாது. ஆகவே, காட்ட வேண்டியதை எல்லாம் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வந்தால் இலாபம், வாராவிட்டால் நட்டமில்லை.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

படம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தால் மட்டும் போதாது. அது யாருக்குத் தெரிகின்றது என்பதே கேள்வி. கிராம சபையில் ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப ஐம்பது பேர் முதல் முந்நூறு பேர் வரை வந்திருக்க வேண்டுமென்பது விதி. இருநூறு பேர் தரையில் அமர்ந்தால் கடைசி வரிசை திரையிலிருந்து நாற்பது அடிக்குக் குறையாமல் இருக்கும்.

பத்து அடி தூரத்திற்கு ஓர் அங்குல உயர எழுத்து என்று கணக்கு வையுங்கள். நாற்பது அடிக்கு நான்கு அங்குலம். வரிகளுக்கு இடையே அதே அளவு இடமும் விட்டால் ஒரு வரிக்கு எட்டு அங்குலம் ஆகின்றது. பழைய புரொஜெக்டர் ஆறு அடி அகலத்திற்குப் படம் காட்டினால் அதன் உயரம் நாலரை அடி, அதாவது ஐம்பத்து நான்கு அங்குலம். அதில் ஆறு வரிகள் அடங்கும். ஆனால் டிவி ஸ்டிக் அனுப்பும் படம் அகன்றது. பழைய புரொஜெக்டரில் அது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு விழும். உயரம் நாற்பது அங்குலமாகக் குறையும். ஐந்து வரிகளே அடங்கும்.

ஆகவே, ஒரு பக்கத்திற்கு ஐந்தே வரிகள் எழுதுங்கள். வேலையின் பெயர், ஒதுக்கிய தொகை, செலவான தொகை, மீதி, வேலை முடிந்த நாள். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். முழுக் கணக்குத் தாளையும் அப்படியே படம் பிடித்துத் திரையில் போடுவது, காட்டுவது போல மறைப்பதாகும். முன் வரிசையில் இருப்பவர் கண்களைச் சுருக்குவார். பின் வரிசையில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்குவார்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். கிராம சபை பெரும்பாலும் பகலில் கூடுகின்றது. பழைய விளக்கு, தன் ஆயுளின் முடிவை நெருங்கும்போது தொடக்கத்தில் தந்த ஒளியில் ஏறத்தாழப் பாதியையே தரும். அது வெயிலோடு போட்டியிட இயலாது. திரையைச் சன்னலுக்கு எதிரே வைக்காமல், சன்னல் உள்ள சுவரிலேயே இருண்ட மூலையில் வையுங்கள். புரொஜெக்டரைத் திரைக்குப் பாதித் தூரம் நெருக்கினால் படம் பாதி அகலமாகும். ஆனால் நான்கு மடங்கு பிரகாசமாகும். அவ்வாறு சுருக்கினால் ஐந்து வரிகளை இரண்டு வரிகளாகக் குறைக்க வேண்டிவரும். இரண்டிற்கும் இடையே உங்கள் கூடத்திற்கு ஏற்றதை முதல் நாளே கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். திரைக்குப் புதுத் துணி வேண்டுவதில்லை. சலவை செய்த வெள்ளை வேட்டியைச் சுருக்கமின்றிக் கட்டினால் போதும்.

படத்தை நிறுத்தத் தெரிய வேண்டும்

கணக்கைப் போலவே பயிர்ச் செய்தியையும் திரையில் காட்டலாம். இதில் நமக்கு வழிகாட்டும் முயற்சி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் பணி தொடங்கிற்று. உழவரை உழவரே நடித்துக் காட்டும் சிறு படங்களை எடுத்து, சிற்றூர்களில் சிறு குழுக்களாக மக்களைக் கூட்டிக் காட்டினார்கள். மின்சாரம் இல்லாத இடங்களில் மின்கலத்தால் இயங்கும் கையடக்கப் புரொஜெக்டர்களைப் பயன்படுத்தினார்கள்.

அவர்கள் படத்தை மட்டும் ஓட விடவில்லை. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று, இடையிடையே படத்தை நிறுத்தி, “இவர் ஏன் விதையை இவ்வாறு நேர்த்தி செய்கின்றார்? நம் மண்ணுக்கு இது ஆகுமா?” என்று கேட்பார். கூடியிருப்பவர்கள் பேசுவார்கள். பின்னரே படம் தொடரும். விளம்பர வண்டிப் படம் ஓடி முடிந்தவுடன் மக்கள் வீட்டுக்குப் போனார்கள். இங்கே படத்தின் நடுவிலேயே பேச்சுத் தொடங்குகின்றது. ஒத்தக்கடையில் 1965ஆம் ஆண்டு முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கின்றது. பேச்சில் எழும் ஐயங்களைக் குறித்து வைத்து அங்குள்ள அறிஞர்களிடம் கேட்டால் மறு கூட்டத்தில் விடை சொல்லலாம். ரிமோட்டில் ஓட விடும் பொத்தானைக் காட்டிலும் நிறுத்தும் பொத்தானே நமக்கு மிகுதியும் பயன்படுவது.

திரை இல்லாவிட்டாலும்

இறுதியாக ஒன்று. வரவு செலவுக் கணக்கைப் படிவம் 30இல் பதிந்து கிராம சபையில் படித்து ஒப்புதல் பெறுவதும், அதன் சுருக்கத்தை ஃபிளெக்ஸ் பலகையில் எழுதி வைப்பதும் நம் ஊராட்சிகளின் நடைமுறை. புரொஜெக்டர் வந்துவிட்டது என்பதனால் அப்பலகையை விட்டுவிடாதீர்கள். திரையில் தோன்றுவது பக்கம் மாறியவுடன் மறைந்துவிடும். பலகையில் உள்ளது நின்று நிலைக்கும். திரை, பலகையின் இடத்தைப் பறிக்க வந்ததன்று. அதற்குத் துணையாக வந்தது. பத்து நிமிடத்திற்குள் படம் வாராவிட்டால் கருவிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பலகையைப் பார்த்துக் கணக்கை உரக்கப் படிக்கத் தொடங்குங்கள். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டுமென்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் முந்திய நாள் மாலை ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கினால் போதும்.

நாங்கள் அதே ஊருக்கு மறு கூட்டத்திற்குச் சென்றோம். இம்முறை பென் டிரைவும், பள்ளியிலிருந்து வாங்கிய மடிக்கணினியும், பக்கத்திற்கு ஐந்து வரியும் கொண்டு சென்றோம். முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்தோம். கூட்டத்தில் மடை வேலையின் கணக்குத் திரையில் வந்தபோது, அந்த முதியவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். மடைப் பலகைக்கென்று காட்டியிருந்த தொகையைச் சுட்டி, “பழைய பலகைதானே அங்கே இருக்கிறது?” என்று கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று. அவர் கேள்விக்கு அன்றே முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் அக்கேள்வி தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. நேரில் சென்று பார்ப்பதற்கு ஐவரைக் கொண்ட குழுவும் அங்கேயே அமைந்தது.

நாற்பது அடி தூரத்தில் இருந்தவர் அத்தொகையைப் படித்தமையால்தான் அக்கேள்வி பிறந்தது. சில நூறு ரூபாய் மாற்றியும், ஒரு மாலைப் பொழுதின் முன்னேற்பாடும் நமக்குத் தரவேண்டியது இதுவே. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் துணி போர்த்திக் கிடக்கும் புரொஜெக்டரை வரும் கூட்டத்திற்கு முன்னர் வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு எங்கள் உரையை முடிக்கின்றோம்.